லவ் இன்ஸ்பயர்டு வரிசை: வாங்கும் முன், எழுத உட்காரும் முன்

ஹார்லெக்வின் வெளியிடும் லவ் இன்ஸ்பயர்டு என்ற கிறிஸ்தவக் காதல் வரிசையின் நாவல் ஒன்று கைக்கு வந்தால் கடைசிப் பக்கங்களை முதலில் பாருங்கள். கதை முடிந்ததும் 'அன்புள்ள வாசகருக்கு' என்று எழுத்தாளர் பெயர் போட்ட ஒரு கடிதம் இருக்கும். பெரும்பாலும் ஒரே பக்கம். இந்தக் கதை எந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது, முன்பக்கத்தில் இருக்கும் வேத வசனத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன், மன்னிக்க முடியாமல் தவிப்பவர் இதைப் படித்தால் அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையெல்லாம் நேராகச் சொல்லியிருப்பார்கள். காதல் நாவலில் முடிவு எப்படியும் சுபம்தான், அதனால் கதை தெரிந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். கிறிஸ்தவக் காதல் நாவலை ஒருவர் ஏன் எழுதுகிறார் என்ற கேள்விக்கு அந்த ஒரு பக்கத்தில் கிடைக்கும் பதில் பின்னட்டை வாசகத்தில் கிடைக்காது. கடிதமும் கதையும் ஒரே விஷயத்தைப் பேசினால் புத்தகம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கடிதம் மன்னிப்பைப் பற்றிப் பேசி, கதை பண்ணை ஏலத்தைச் சுற்றியே முடிந்திருந்தால் எழுதியவருக்கே பிடி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மதிப்பீடு இரண்டு வகை ஆட்களுக்கு. வீட்டு ஹாலில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் படிக்கக்கூடிய, எளிய ஆங்கிலத்தில் உள்ள காதல் கதை தேடுகிறவர்கள் ஒரு பக்கம். இப்படி ஒன்றை எழுதிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் பொருளைப் பற்றி. ஹார்லெக்வின் 1949-இல் கனடாவின் வின்னிபெக்கில் தொடங்கிய நிறுவனம். நமக்கெல்லாம் பழக்கமான மில்ஸ் அண்ட் பூன் 1971 முதல் அதன் கையில். 1997-இல் ஸ்டீப்பிள் ஹில் என்ற முத்திரையின் கீழ் லவ் இன்ஸ்பயர்டு வரிசையைத் தொடங்கினார்கள். 2005-இல் சஸ்பென்ஸ் கிளை வந்தது. 2008-இல் வந்த சரித்திரக் கிளை 2018-இல் நிறுத்தப்பட்டது; பழைய பிரதிகளும் மின்னூல்களும் இன்னும் புழக்கத்தில் உண்டு. 2014-இல் ஹார்லெக்வினையே ஹார்ப்பர்காலின்ஸ் வாங்கிவிட்டது. பைபிள் அச்சிடும் சோண்டர்வன், தாமஸ் நெல்சன் இரண்டும் அதே குடும்பத்தில்தான் இருக்கின்றன. மாதாமாதம் புதுப் புத்தகங்கள் வரும். அமெரிக்காவில் சூப்பர்மார்க்கெட் அலமாரியிலும் தபால் சந்தாவிலும் கிடைக்கும். நம் ஊரில் மாத நாவல்கள் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் அதே பழக்கம்தான் அங்கேயும்: வந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் அந்த இடத்தில் வேறொன்று இருக்கும்.

இந்த வகைக்கு வழி போட்டது ஹார்லெக்வின் இல்லை. கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் எழுதி 1979-இல் பெத்தனி ஹவுஸ் என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் வெளியிட்ட லவ் கம்ஸ் சாஃப்ட்லி என்ற நாவலைத்தான் எல்லோரும் தொடக்கமாகக் காட்டுவார்கள். மேற்கே வண்டி கட்டிப் போகும் வழியில் கணவனைப் பறிகொடுத்த மார்ட்டி, சின்னப் பெண் குழந்தையோடு தனியாக நிற்கும் கிளார்க்கை அவசரத்துக்குக் கல்யாணம் செய்துகொள்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், வசந்த காலத்தில் திரும்பிப் போக வேண்டுமென்றால் வண்டிக் கட்டணம் தருகிறேன் என்கிறான் அவன். தாலி கட்டிய பிறகு மெல்ல மெல்ல வரும் காதல் தமிழ் வாசகிக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? நம் குடும்ப நாவல்களில் பாதி அதன் மேல்தான் நிற்கின்றன. வித்தியாசம் எங்கே என்றால், மார்ட்டிக்கு கிளார்க் ஜெபம் செய்யும்போது அவன் யாரிடம் பேசுகிறான் என்றே விளங்குவதில்லை. காதல் ஒரு பாதையில் வருகிறது, விசுவாசம் இன்னொரு பாதையில் வருகிறது. இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. இந்த அமைப்பைத்தான் பின்னால் வந்த எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தாளர்கள் இதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு மிகவும் தெளிவான உதாரணம் பிரான்சின் ரிவர்ஸ். லவ் இன்ஸ்பயர்டு வரிசையைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் அந்த வரிசையை எந்த அளவுகோலால் அளப்பது என்று கேட்டால் அவருடைய ஒரு புத்தகத்தைத்தான் காட்ட வேண்டும். பொதுச் சந்தைக்காகச் சரித்திரக் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர் 1986-இல் விசுவாசத்துக்கு வந்தார். அதன் பிறகு எழுதிய ரிடீமிங் லவ் நாவலைத் தன் விசுவாச அறிக்கை என்றே குறிப்பிடுகிறார். 1991-இல் பான்டம் என்ற பொதுப் பதிப்பகம் அதை வெளியிட்டது. 1997-இல் மல்ட்நோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தது. 2022-இல் படமாகவும் வந்தது.

கதை பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசியுடையது. விட்டுப் போன மனைவியை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொண்ட அந்தக் கதையை ரிவர்ஸ் 1850-களின் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்தில் நட்டு வைத்தார். சிறுமியாக இருக்கும்போதே விற்கப்பட்டு விபசார விடுதியில் வளர்ந்த ஏஞ்சல். அவளையே கல்யாணம் செய் என்று தேவன் சொன்னதாக நம்பும் விவசாயி மைக்கேல் ஓசியா. அவள் ஓடுகிறாள், அவன் தேடி அழைத்து வருகிறான், மறுபடி ஓடுகிறாள். கவனிக்க வேண்டியது அவள் கடைசியாகப் போகும் இடம். இந்த முறை அவன் மேல் இருக்கும் அன்பினாலேயே போகிறாள்: தன்னால் பிள்ளை பெற முடியாது, அவனுக்கு வேறொருத்தி நல்ல துணையாக இருப்பாள் என்று. அவன் தேடி வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில், அவன் பக்கத்தில் இல்லாமல், அவள் தன் சொந்தக் காலில் தேவனிடம் வருகிறாள். தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு வீடு நடத்துகிறாள். 3 வருஷம் கழித்து, மைக்கேல் வந்து அழைக்காமல், தானாகத் திரும்புகிறாள்.

இந்த 3 வருஷம்தான் இந்த வகை எழுத்தின் சூட்சுமம். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியைப் படித்தவர்களுக்கு பக்தியும் காதலும் ஒரே மொழியில் பேசுவது புதிதில்லை. ஆனால் அங்கே காதலன் கடவுளேதான். கிறிஸ்தவக் காதல் நாவலில் காதலன் எத்தனை நல்லவனாக இருந்தாலும் கடவுளின் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது. கடவுளும் கல்யாணத் தரகராகச் சுருங்கிவிடக் கூடாது. சாதாரணக் காதல் நாவலில் நாயகியின் உள்காயத்தை ஆற்றுவது நாயகனின் அன்பு. அதோடு கதை முடிந்தது. 'அவன் நாளைக்கே செத்துப்போனால் இவள் என்ன ஆவாள்?' என்ற கேள்வியை அந்த வடிவத்தில் கேட்க முடியாது, கேட்டால் வடிவமே உடையும். கிறிஸ்தவக் காதல் நாவல் அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே கட்டப்பட்ட வடிவம். இந்தக் கேள்வி மனசில் இருக்கிற எழுத்தாளருக்கு வேறு போக்கிடம் கிடையாது. பணத்துக்காக, பாதுகாப்புக்காக, சபையில் நல்ல பெயருக்காக எழுதுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் புத்தகத்தில் அந்தக் கேள்வி இருக்காது.

ரிவர்ஸின் புத்தகத்திலும் குறை உண்டு. ஏஞ்சல் கல்யாணத்துக்குச் சம்மதிப்பது அடித்து நொறுக்கப்பட்டு அரை நினைவில் கிடக்கும்போது. அந்த 'சரி'யை ஒரு சம்மதமாக எடுத்துக்கொள்ள இன்றைய வாசகருக்கு மனம் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. 3 வருஷம் கழித்து அவள் தானாக வருவதால்தான் கதை அந்தக் கடனைக் கொஞ்சமாவது அடைக்கிறது.

இப்போது லவ் இன்ஸ்பயர்டு பக்கம் திரும்புவோம். இங்கே எழுத்தாளருக்குக் கிடைக்கும் இடம் சுமார் 55,000 சொற்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 அத்தியாயம் என்று வைத்தால் ஒன்றுக்கு 3,400 சொல் சொச்சம். கதை நாயகன் பார்வையிலும் நாயகி பார்வையிலும் மாறி மாறிப் போகும். ஆளுக்கு 27,000 சொல். அதற்குள் இருவருக்கும் ஒரு தொழில், ஒரு பழைய காயம், சேர்ந்திருக்க ஒரு கட்டாயக் காரணம், சேர முடியாததற்கு ஒரு காரணம், ஊர், சபை, அநேகமாக ஒரு குழந்தை. இத்தனைக்கும் நடுவில் விசுவாசத்தின் பயணம். மூன்று இழையில் ஒன்றைக்கூட அறுத்துவிட முடியாது: அவள் கதை, அவன் கதை, அவர்களில் ஒருவருக்கும் தேவனுக்கும் நடுவே நடக்கும் கதை.

இந்த அளவுதான் கதையின் இறையியலையே தீர்மானிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேவனே இல்லை என்கிற ஒருவனை 27,000 சொல்லுக்குள், பண்ணை வேலையும் குழந்தையும் பார்த்துக்கொண்டே, நம்பும்படியாக விசுவாசத்துக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். அதனால்தான் இந்த வரிசையின் நாயகர்களில் பெரும்பாலோர் நம் சபைகளில் பின்மாற்றக்காரர் என்று சொல்வோமே, அந்த வகை. ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். மனைவி இறந்தபோதோ, போரிலிருந்து திரும்பியபோதோ, அப்பா குடித்து நிலத்தை இழந்தபோதோ ஜெபிப்பதை நிறுத்திவிட்டவன். அவனுக்கு வசனமெல்லாம் தெரியும்; நம்பிக்கைதான் போய்விட்டது. அவனைத் திருப்புவதற்கு அடிப்படைப் பாடம் நடத்த வேண்டாம், கோபத்தைத் திறந்துவிட்டால் போதும். 55,000 சொல்லில் அது முடியும். புதிதாக எழுத வருகிறவர்கள் நாத்திக நாயகனை வைத்துத் தொடங்கி, 40,000-ஆவது சொல்லில் திணறி, கடைசியில் ஒரு கார் விபத்தை வைத்து அவனை முழங்காலில் தள்ளுவார்கள். அந்த விபத்தை எந்த வாசகரும் நம்புவதில்லை.

இன்னொரு கட்டு, 2 கொரிந்தியர் 6:14. 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்ற வசனம் இந்த நாவல்களின் மறைவான இயந்திரம். விசுவாசியான நாயகி விசுவாசி இல்லாதவனைக் கட்ட முடியாது. ஆகவே அவன் மாற வேண்டும். ஆனால் அவளைக் கட்டுவதற்காக மாறினால் அது மாற்றமே இல்லை. அவளும் நம்ப மாட்டாள், வாசகரும் நம்ப மாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்க நம்பும்படியாக ஒரு வழிதான் இருக்கிறது: அவள் இனிக் கிடைக்கப் போவதில்லை என்று அவன் உறுதியாக நினைக்கும் நேரத்தில் அவன் மனந்திரும்ப வேண்டும். அவளுக்குத் தெரியாமல், அவளால் ஒரு லாபமும் இல்லாமல். நல்ல எழுத்தாளர்கள் பிரிவை முன்னால் வைத்து, அதற்கு அப்புறம் அவனைத் தனியாகக் களஞ்சியத்திலோ, அப்பாவின் கல்லறையிலோ, பூட்டாத சபைக் கட்டிடத்திலோ விட்டுவிடுவார்கள். அவசரக்காரர்கள் பிரிவுக்கு முன்பே மாற்றத்தை வைத்துவிட்டு, பிறகு பிரிவதற்குக் காரணம் கிடைக்காமல் ஒரு தவறான தொலைபேசிப் பேச்சைக் கண்டுபிடிப்பார்கள். ஏஞ்சலின் 3 வருஷமும் இதே விதிதான், ஆண் பெண் மட்டும் மாறியிருக்கிறது.

படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. கெட்ட வார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு முன் உடலுறவு இல்லை. முத்தம் வரும், பெரும்பாலும் பாதிக்கு மேல்தான். அதற்கு முன்னால் ஒரு முத்தம் வரப்பார்த்து, குழந்தை கூப்பிட்டோ நாய் குரைத்தோ நின்றுபோகும். இதை வெறும் தணிக்கையாகப் பார்க்கிறவர்கள் வடிவம் என்றால் என்னவென்று யோசிக்கவில்லை. சங்க அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அகப்பாட்டு இளைத்துவிடவில்லை. பெயருக்குப் போயிருக்க வேண்டிய கவனம் முழுவதும் நொச்சிப் பூ உதிரும் ஓசைக்குப் போனது. இங்கேயும் அப்படித்தான். அவள் கையில் ஏறிய முள்ளை அவன் எடுக்கும் ஒரு பக்கத்தில், விளக்கை எந்தப் பக்கம் சாய்க்கிறான், அவள் முகத்தை எங்கே திருப்பிக்கொள்கிறாள், முள் வந்த பிறகும் கை எத்தனை நேரம் அங்கேயே இருக்கிறது என்பதில் எல்லாம் இருக்கும். பொதுக் காதல் நாவலில் இந்த முள் காட்சிக்கு நேரம் கிடையாது; அடுத்த காட்சி அவசரப்படுத்தும். இந்த நிதானம் பிடித்துத்தான் நிறைய எழுத்தாளர்கள் இங்கே வந்து தங்குகிறார்கள். கட்டுப்பாட்டைச் சுமையாக எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்களின் புத்தகத்தில், மூடிய கதவுக்கு வெளியே ஒன்றுமே நடப்பதில்லை.

ஜெபக் காட்சிகளில்தான் நல்லதும் கெட்டதும் பளிச்சென்று பிரியும். எடுத்துக்காட்டுக்கு ஒரு நிலைமை: விடியற்காலை 4 மணி, விதவை ஒருத்தி, கன்று பாதியில் சிக்கிக்கொண்ட பசு. மோசமான புத்தகத்தில் அவள் நிமிர்ந்து நின்று, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று ரோமர் 8:28-ஐ முழுசாகச் சொல்லி, நாலு வாக்கியத்தில் தன் வாழ்க்கையையும் கர்த்தருக்கு விளக்குவாள். அவருக்குத் தெரியாதா? அந்த விளக்கம் வாசகருக்கு. நல்ல புத்தகத்தில் 'கர்த்தாவே, இதையும்...' என்று தொடங்குவாள், கன்றின் கால் வழுக்கும், வாக்கியம் அங்கேயே அறுந்துவிடும். கன்று பிழைத்ததா இல்லையா என்பதற்கு அப்புறம், கை கழுவும்போது, மீதி வாக்கியம் வரும், அல்லது வராது. புத்தகம் வாங்கும் முன் மின்னூலின் மாதிரிப் பக்கங்களில் முதல் ஜெபத்தைத் தேடிப் படியுங்கள். அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று பார்த்தாலே மீதி 200 பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

பிரசங்கமும் அப்படித்தான். கதையில் போதகர் வந்தால், சரியாக நாயகனின் பிரச்சினைக்கே அந்த ஞாயிறு பிரசங்கம் செய்தால், எழுத்தாளருக்கு வழி தெரியவில்லை. சபையைக் காட்டும் இன்னொரு விதம் உண்டு. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் சாப்பாட்டுக் கூட்டத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் களிமண் பிசைய யார் வந்தார்கள், புதிதாக வந்தவளின் குழந்தை அழுதபோது முன்வரிசையில் யார் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஊர் சபைகளிலும் இதெல்லாம் நடப்பதால் டெக்சாஸ் பண்ணைக் கதை படிக்கும்போது கூட இந்தப் பக்கங்கள் நமக்கு அந்நியமாக இருக்காது.

கிளைகளைப் பற்றிச் சுருக்கமாக. சஸ்பென்ஸ் கிளை வேகமாகப் படித்து முடிக்க ஏற்றது. காவல்நாய் வைத்திருக்கும் அதிகாரிகளைச் சுற்றி, பல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதும் தொடர்கள் இதில் உண்டு. குற்றத்துக்கு இடம் ஒதுக்கியது போக விசுவாசத்துக்கு மிஞ்சுவது 'காப்பாற்றும் ஆண்டவரே' என்ற ஒரு ஜெபம்தான் என்பது என் குறை. ரயில் பயணத்துக்கு எடுத்துப் போகலாம். இந்த வகையை ஏன் எழுதுகிறார்கள் என்று புரிந்துகொள்ள அது உதவாது.

ஆமிஷ் கதைகள் தனியாகப் பேச வேண்டியவை. காரும் வீட்டு மின்சார இணைப்பும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களை வைத்து எழுதும் வழக்கத்தைப் பெரிய அலையாக்கியது பெவர்லி லூயிஸ் 1997-இல் எழுதிய தி ஷன்னிங். இன்று லவ் இன்ஸ்பயர்டிலும் ஆமிஷ் கதைகள் நிறையவே. எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஆமிஷ் சபையில் வயது வந்த பிறகுதான் ஞானஸ்நானம், ஞானஸ்நானம் எடுத்தால்தான் சபைக்குள் கல்யாணம். காதலும் விசுவாசமும் கதைக்கு வெளியிலேயே ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. எழுத்தாளர் செயற்கையாக முடிச்சுப் போட வேண்டியதில்லை. எங்கே தவறுகிறது என்றால், ஆமிஷ் நாயகி அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைப் பெண் போலப் பேசத் தொடங்கிவிடுவாள். 'நான் இரட்சிக்கப்பட்டேன்' என்று அடித்துச் சொல்வது ஆமிஷ் வழக்கமில்லை. அதை ஒரு பெருமையாக, அகந்தையாகப் பார்ப்பார்கள். நம்பிக்கையோடு காத்திருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். விட்டுக்கொடுத்துப் பணிதல் அவர்கள் வாழ்க்கையின் மையம். தொப்பியும் குதிரை வண்டியும் சரியாக இருந்து, ஜெபம் மட்டும் வேறு சபையுடையதாக இருக்கும் ஆமிஷ் நாவல், வேட்டி கட்டிய வெளியூர்க்காரர் போல. இந்த ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கும் ஆமிஷ் நாவல் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த வரிசையிலும், பொதுவாக இந்த வகையிலுமே, என்னை ரொம்ப உறுத்துவது மலிவான மன்னிப்பு. நாயகன் ஒரு பெரிய தவறு செய்திருப்பான். தேவனிடம் அழுவான், சமாதானம் பெறுவான், அடுத்த அத்தியாயத்தில் முத்தம். பாதிக்கப்பட்டவர் எங்கே? கதைக்கு வெளியே எங்கேயோ. 2021-இல் அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் ஆன்மிகக் காதல் பிரிவில் ஒரு நாவலுக்கு விருது கொடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. 1890-இல் வுண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்ட சம்பவத்தில் படைவீரனாக இருந்த நாயகன், மன்னிப்புப் பெற்றுப் புது வாழ்க்கை தொடங்குவதாக அந்தக் கதை இருந்தது. தேவன் மன்னிப்பார் என்பதில் எழுத்தாளருக்கு இருந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கதையில் வாய் திறக்காமல், நாயகனின் கண்ணீர் மட்டும் கணக்கில் வந்தால் வாசகர் மனம் கசக்கும். சிறிய அளவில் இதே கோளாறு வரிசை நாவல்களிலும் வரும்: குடிகார அப்பா திரும்பி வந்து ஒரு பக்கத்தில் மன்னிக்கப்படுவார். அந்தப் பக்கத்துக்குப் பத்துப் பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

எழுத நினைக்கிறவர்களுக்கு நடைமுறை விஷயம். பெத்தனி ஹவுஸ், ரெவெல், டின்டேல் மாதிரியான பெரிய கிறிஸ்தவப் பதிப்பகங்களுக்கு இலக்கிய முகவர் இல்லாமல் போவது கடினம். லவ் இன்ஸ்பயர்டு முகவர் இல்லாத புதியவர்களின் பிரதியையும் நேரடியாக இணையம் வழியாக வாங்கிப் பார்க்கிறது. நிறையப் பேர் முதல் புத்தகத்துக்கு இந்த வாசலைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே பெரிய காரணம். கதைச் சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். மூன்று இழையும் எங்கே திரும்புகின்றன என்று எழுதுங்கள். காதல் திருப்பமும் விசுவாசத் திருப்பமும் ஒரே காட்சியில் விழுந்தால் பிரித்து வையுங்கள். இரண்டு பேரும் முதல் அத்தியாயத்திலேயே சந்தித்துவிட வேண்டும், 55,000-இல் காத்திருக்க இடமில்லை. 2000-இல் தொடங்கி, இன்று அமெரிக்கன் கிறிஸ்டியன் ஃபிக்‌ஷன் ரைட்டர்ஸ் என்ற பெயரில் இயங்கும் சங்கம், வெளியாகாத பிரதிகளுக்கு ஜெனசிஸ் என்ற போட்டி நடத்துகிறது. நடுவர்களின் மதிப்பெண்ணும் குறிப்பும் திரும்பக் கிடைக்கும் என்பதால் அது பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் நல்ல ஒத்திகை.

விற்பனைப் பக்கமும் இந்தத் தேர்வில் ஒரு பங்கு வகிக்கிறது. அமெரிக்காவில் ஃபேமிலி கிறிஸ்டியன் கடைகள் 240-ம் மூடப்போவதாக 2017-இல் அறிவித்தார்கள். 2019-இல் லைஃப்வே தன் 170 கடைகளையும் மூட முடிவெடுத்தது. கிறிஸ்தவப் புத்தகக் கடையை நம்பி எழுதியவர்களுக்கு அது பெரிய அடி. சந்தாவிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் விற்கும் வரிசை நாவலுக்கு அந்தக் கடைகள் இல்லாமலும் வாசகர் இருந்தார்கள். பதிலுக்கு எழுத்தாளர் கொடுக்கும் விலை, ஒரு மாத அலமாரி வாழ்க்கை. நாலு மாசம் உழைத்து எழுதியது நாலு வாரத்தில் அலமாரியிலிருந்து இறங்கிவிடும், அப்புறம் மின்னூல்தான். அது தாங்காது என்றால் 90,000 சொல்லில் தனி நாவலாக எழுதி முகவரைத் தேடுவது மேல்.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: நம் ஊரில் மின்னூல்தான் சுலபம். அட்டையில் இருக்கும் நாயையும் குழந்தையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எல்லா அட்டையிலும் அவை இருக்கும். முன்பக்க வசனம், முதல் ஜெபம், முதல் சந்திப்பு, இந்த மூன்றையும் மாதிரிப் பக்கங்களில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வசனம் ரூத் 1:16 ஆக இருந்தால், 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்' என்று ரூத் சொன்னது மாமியாரிடம் என்பதை எழுத்தாளர் நினைவில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படிப்பட்ட நாவல்களில் கிழவிகள் நன்றாக அமைந்திருப்பார்கள். அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்குவதாக இருந்தால் பெரிய எழுத்துப் பதிப்பு என்று இரண்டு விதம் வருகிறது. ஒன்று வழக்கத்தைவிடச் சற்றே பெரிய எழுத்து, இன்னொன்று உண்மையிலேயே பெரிய எழுத்து. அட்டையில் எது என்று போட்டிருக்கும், ஆர்டர் போடும் முன் பார்த்துவிடுங்கள்.